கரும்பலகைக்கு இலை அரைத்தவள்

நம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: கரும்பலகையின் வரலாறும் பயன்களும். தபால் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர்களின் விலாசத்தைப் படித்தவள் என்பதால் எனக்கு எழுதவும் வரும் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

என் வயசுக்காரர்களே, என்னோடு அந்த ஓட்டுக் கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உட்கார்ந்து எழுந்தவர்களே, இது அந்தக் கட்டுரை இல்லை. அதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். இது உங்களுக்காக எழுதியது. முக்கியமாக, அந்த வருஷம் சிரித்தவர்களுக்காக. நானும்தான் சிரித்தேன்.

பாதி வரைக்கும் நன்றாகவே போனது. முதலில் மணலில் விரலால் எழுதினார்கள், பிறகு ஓலையில் கீறினார்கள், பிறகு ஆளுக்கொரு சிலேட்டு வந்தது. எங்கேயோ ஒரு வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதிக் காட்டிக் கை ஓய்ந்துபோய், ஒரு பெரிய பலகையைச் சுவரில் மாட்டினாராம். இப்படியெல்லாம் கேள்விப்பட்டதை வைத்து ஆரம்பித்தேன். நம் பள்ளிக்கூடத்தில் முதலில் இருந்தது மூன்று கால் மேல் சாய்த்து வைத்த மரப்பலகை. பிறகு சுவரிலேயே சிமென்ட் பூசிக் கறுப்படித்தார்கள். அப்புறம் பச்சைக் கண்ணாடி வந்தது. இப்போது மார்க்கர் பேனாவால் எழுதுகிற வெள்ளைப் பலகையும் பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு ஒரு டி.வி.யும் இருக்கின்றன. பயன்களுக்கும் குறைச்சல் இல்லை. கரண்ட் வேண்டாம், ரிப்பேர் ஆகாது, தப்பாக எழுதினால் துடைத்துவிடலாம். கடைசியாக ஒரு வரி எழுதினேன்: 'முதல் வரிசைப் பிள்ளைக்கும் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கரும்பலகையில் தெரிவது ஒரே எழுத்துதான்.' அதை நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

அதற்கு அடுத்த வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்ச நாளாகப் புகை மூட்டம் மாதிரி இருந்தது. புரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளப் போனேன். வரிசையாக உட்கார வைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் பிள்ளை, ஒன்பது பத்து வயசிருக்கும். பவர் பார்ப்பதற்காக அவளுக்கும் மருந்து விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய அம்மா ஒரு சீட்டைக் கொடுத்து, "நம்ம நம்பர் இன்னான்னு பாரு" என்றாள்.

அந்தப் பிள்ளை சீட்டை வாங்கிக் கையை நீட்டிப் பிடித்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. "தெரியலம்மா. எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது."

"அவ்ளோ தூரத்துல தொங்குற பேனர மட்டும் படிச்ச?"

"அது தெரியுது. இதுதான் தெரியல."

திரும்பி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். கண்ணில் பழுப்பு வளையமே இல்லை. நடுவில் இருக்கும் பாப்பா முழுக்க விரிந்து, கண் மொத்தமும் கறுப்பாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கையால் முகத்தை மறைத்துக்கொண்டது. அதே கண்ணை நான் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

என் முறை வந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். அவர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டுவிட்டேன். "ஏங்க டாக்டரம்மா, இந்த மருந்து இல்லாம வேற எதனாலயாவது கண்ணு இப்படி ஆகுமா?"

"ஆகும்மா. ஊமத்தைல ஆகும். வயல்ல களை புடுங்கறவங்க அந்தச் செடியத் தொட்ட கையோட கண்ணக் கசக்கிடுவாங்க. பாப்பா பெரிசாகி ஓடி வருவாங்க. தூரத்துல இருக்கறது தெரியும், கிட்ட இருக்கறது தெரியாது, வெளிச்சம் கூசும். நாலஞ்சு நாள்ல தானா சரியாயிடும். ஏன், உங்களுக்கு ஏதாவது ஆச்சா?"

"எனக்கு ஆகல" என்றேன். வெளியே வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இலைக்காரியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பெயரை வைத்ததும் நாம்தான். வெள்ளிமலைப் பக்கமிருந்து அவளும் அவள் அம்மாவும் இறங்கி வந்து, கரும்பு வயலில் களையெடுக்கவும் காய்ந்த இலையான சோகையை உரிக்கவும் போய்க்கொண்டிருந்தார்கள். வடக்கனந்தல் ரோட்டிலிருந்து வரும் வண்டிப்பாதை ஓரத்தில் அவர்கள் குடிசை. ஐந்தாம் வகுப்பில் கடைசி வரிசையில்தான் அவளுக்கு இடம். உட்காரச் சொன்னது யாருமில்லை, வந்த முதல் நாளே அவளாகப் போய் அங்கே உட்கார்ந்தாள். எண்ணெய் காணாத முன்மயிர் எப்போதும் கண்ணில் வந்து விழும். புறங்கையால் ஒதுக்கிக்கொண்டே இருப்பாள்.

படிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாத்தியார் போர்டில் கணக்கைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் விடை சொல்லிவிடுவாள். நான் முதல் வரிசை. அப்பாவுக்கு ரைஸ் மில்லில் வேலை, எனக்குப் புதுச் சிலேட்டு, டப்பா நிறைய பலப்பம். அத்தனையும் இருந்து அவளுக்கு அடுத்த இடம்தான் எனக்கு.

அப்போது நம் பள்ளிக்கூடத்தில் மரப்பலகை. எழுதி எழுதி, துடைத்துத் துடைத்து அது சாம்பல் நிறத்துக்கு வெளுத்துவிடும். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால்தான் அதற்குக் கறுப்பு ஏற்றுவோம். பையன்கள் குப்பைமேட்டிலிருந்து ஊமத்தை இலையும் வேலியிலிருந்து கோவை இலையும் பறித்து வருவார்கள். ஆளுக்கு ஒரு பிடி அடுப்புக்கரி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உடைந்த அம்மி ஒன்று கிடந்ததே, அதில் எல்லாவற்றையும் வைத்து மை மாதிரி அரைக்க வேண்டும். அது பெண் பிள்ளைகளின் வேலை. முறை வைத்திருந்தார்கள். அரைத்ததைத் துணியில் தொட்டுப் பலகை முழுக்கத் தேய்த்து நிழலில் சாய்த்து வைத்தால், மறுநாள் காலையில் பலகை பளபளவென்று இருக்கும். அதன் மேல் விழுகிற முதல் சாக்பீஸ் கோடு எவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று நான் அந்தக் கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

முறை வைத்திருந்தார்களே தவிர நாம் யாரும் அரைக்கவில்லை. இலையின் நாற்றம் பிடிக்காது, கை பச்சையும் கறுப்புமாகி இரண்டு நாளைக்குப் போகாது. ஒரு பலப்பம் கொடுத்தால் இலைக்காரி அரைத்துவிடுவாள். அவளிடம் சொந்தமாகப் பலப்பம் இருந்ததே இல்லை. நாம் தேய்த்து எறிந்த துண்டுகளை நகத்தால் பிடித்து எழுதிக்கொண்டிருந்தவள் அவள். எழுதப் பலப்பம் கிடைக்கும் என்றுதான் அவள் அரைத்தாள். அம்மியில் குனிந்து அரைப்பாள், மயிர் கண்ணில் விழும், புறங்கையால் ஒதுக்குவாள், வேர்வையைத் துடைப்பாள், மறுபடியும் அரைப்பாள். சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது மேலிடத்திலிருந்து யாரோ வருவதாகச் சொன்னார்கள். பலகைக்குக் கறுப்பு ஏற்றினோம். அவள்தான் அரைத்தாள். மறுநாள் வாத்தியார் அவளை எழுப்பிப் பாடப் புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். அவள் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"தெரியல சார்."

"போர்டு தெரியுதா?"

"தெரியுது சார்."

"படி."

கடைசி வரிசையில் நின்றபடி போர்டில் இருந்ததை ஒரு தப்பில்லாமல் படித்தாள்.

"இப்ப புத்தகத்தப் படி."

"தெரியல சார். எழுத்தெல்லாம் ஒட்டிக்கினு இருக்குது."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "அவ்ளோ தூரத்துல இருக்கறது தெரியுது, கையில இருக்கறது தெரியல. யாராண்ட கதை வுடுற?" என்று ஸ்கேலை எடுத்தார். உள்ளங்கையில் இரண்டு அடி. அவர் கெட்டவர் இல்லை. அடித்துவிட்டு வெகு நேரம் ஜன்னல் பக்கமாக நின்றார். அவருக்குப் பிடித்த பிள்ளை அவரை ஏமாற்றுகிறது என்றே நினைத்துவிட்டார்.

நாலைந்து நாளில் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது. மறுபடியும் முதல் ஆளாக விடை சொன்னாள். அதனாலேயே வாத்தியாருக்குச் சந்தேகம் ஜாஸ்தியாகிவிட்டது.

இரண்டாவது தடவை யூனியன் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தபோது. அதற்கும் கறுப்பு ஏற்றினோம். அதற்கும் அவள்தான் அரைத்தாள். மறுநாள் அதே கூத்து. இந்த முறை வாத்தியார் ஸ்கேலை எடுக்காமல் கிட்டே போய் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்தவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவர் நகர்ந்ததை நான் முதல் வரிசையிலிருந்து பார்த்தேன். அன்று சாயந்திரமே அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பெரிய மனுஷங்க வந்தாலே ஒம் பொண்ணு கண்ணு ஒரு மாதிரி ஆவுதும்மா. இன்னான்னு பாரு" என்றார்.

அந்த அம்மா சோகை கிழித்த கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. "எழுத்து ஆவலியோ இன்னாவோ சார்" என்று முணுமுணுத்தது. 'எழுத்து ஆவலை', அதாவது எழுத்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற அந்த வார்த்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது. படித்த மனிதர் ஒருவரும் படிக்காத அம்மா ஒருத்தியும் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது அது. பெரிய மனிதர் வருவதற்கு முதல் நாள் அம்மியில் என்ன நடந்தது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது தடவைதான் இன்ஸ்பெக்ஷன். முதல் நாள் வாத்தியார் எல்லோர் முன்னாலும் இலைக்காரியிடம் சொன்னார். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு. அஞ்சாவதுல ஒரு பிள்ளைய கள்ளக்குறிச்சி ஹாஸ்டலுக்கு எழுதிக்கினு போவாரு. சோறு, துணி, புத்தகம், எல்லாம் கவர்மென்ட்டு. ஒம் பேரச் சொல்லலாம்னு இருக்கேன். முழிக்காம பயப்படாம படி."

அவள் தலையை ஆட்டினாள். காது நுனி வரை சிவந்திருந்தது.

அன்றைக்கு அரைக்கும் முறை என்னுடையது.

வீட்டில் கல்யாணம் ஒன்று வந்தது, கையில் மருதாணி வைத்திருந்தார்கள். அதன் மேல் கரி ஏறிவிடுமே என்று கவலை. வேப்பமரத்தடியில் அவளிடம் டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவள் உடனே எடுக்கவில்லை.

"முழுப் பலப்பம்தான் வோணும். ஒடஞ்சது வாணாம்" என்றாள்.

"எதுக்குடீ முழுசு?"

"ஹாஸ்டலுக்கு எடுத்துக்கினு போவத்தான்."

முழுப் பலப்பத்தைக் கொடுத்தேன். அவள் அதைப் பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டு அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். உள்ளே நுழைந்ததும், "போர்டு நல்லா வெச்சிருக்கீங்களே" என்று வாத்தியாரிடம் சொன்னார். பிறகு இலைக்காரியை முன்னால் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் கையை நீட்டிப் பிடித்தாள்.

"கிட்ட புடிச்சுப் படி" என்றார் இன்ஸ்பெக்டர். அவளுடைய முழங்கையை அவரே மடக்கிப் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். நமக்கெல்லாம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போது அவள் நிமிர்ந்து சொன்னாள்.

"போர்டுல எழுதுங்க சார். படிக்கிறேன்."

இன்ஸ்பெக்டருக்கு முகம் மாறிவிட்டது. "எனக்கே வேல சொல்லுதே இது" என்று வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தலை குனிந்துகொண்டார். ஒரே ஒரு வரி, ஒரு சாக்பீஸ், ஒரு நிமிஷம். யாராவது எழுதியிருந்தால் அவள் படித்திருப்பாள். கரும்பலகையினால் ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருக்கக் கூடிய ஆகப் பெரிய பயன் அதுதான். அவள் வாயைத் திறந்து கேட்டும் கிடைக்கவில்லை.

அடுத்துப் புத்தகம் என் கைக்கு வந்தது. நான் மருதாணிக் கையில் பிடித்துக் கணீரென்று படித்தேன். என் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பூசாரியிடம் காட்டினார்கள். இந்தக் கண் எழுத்து முகத்தில் முழிக்கக் கூடாது என்று சொல்லிக் கயிறு கட்டி அனுப்பினார்களாம். திரும்பி வந்தபோது கண் பழையபடி ஆகிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தை நிறுத்தியதால்தான் சரியானது என்று எல்லோரும் சொன்னார்கள். சில நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஜன்னல் வழியாகத் தெரிகிற போர்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசையும். வாத்தியார் ஒரு நாள் உள்ளே வரச் சொன்னார். "அம்மா திட்டும் சார்" என்று போய்விட்டாள். அந்தக் கோடை முடிவதற்குள் அம்மாவும் மகளும் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். நான் ஹாஸ்டலுக்குப் போனேன். அங்கே படித்த படிப்பில்தான் தபால் ஆபீஸ், அதற்கப்புறம் என்னுடைய வீடு, பென்ஷன் எல்லாமே.

கண் முகாமுக்குப் போய் வந்த பத்தாம் நாள் அவளைத் தேடிப் போனேன். நம்மோடு படித்து இப்போது வடக்கனந்தலில் டீக்கடை வைத்திருக்கிறவர்தான் விசாரித்துச் சொன்னார். மூங்கில்துறைப்பட்டில் இறங்கி, மில்லுக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, ஒரு தொகுப்பு வீட்டு வாசலில் போய் நின்றேன். முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரைஸ் மில்லுக்காரர் பொண்ணுதான நீ?"

நான் அவளைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்மயிர் முழுக்க வெளுத்திருந்தது. அப்போதும் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டாள்.

உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். தன்னைப் பற்றியும் சொன்னாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள், மகளும் கரும்பு வேலைக்குத்தான் போகிறாள். "ஆனா பஸ் ஸ்டாண்டுல நான்தான் கெத்து. இங்க இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் பஸ் போர்டு படிச்சிச் சொல்றது நானு. தூரத்து எழுத்து என்னை ஒண்ணும் செய்யாது. கிட்டத்து எழுத்துதான் எனக்கு ஆவாது" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் வயலிலிருந்து வந்துவிட்டாள். நாற்பதுக்கு மேல் இருக்கும். அம்மாவின் முகம் அப்படியே. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "அம்மா, காத்தாலயே ஏதோ வந்திருக்குது. இன்னா போட்டிருக்குதுன்னு கொஞ்சம் பாருங்க."

கேஸ் சிலிண்டர் வருகிறது என்று போட்டிருந்தது. படித்துச் சொன்னேன். "படிக்கலியாம்மா நீ?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்க வம்சத்துக் கண்ணுக்கு எழுத்து ஆவாதுங்க" என்றாள். சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "எங்கம்மாவுக்கு எழுத்து பாத்துதான் கண்ணு போயித் திரும்புச்சாம். அதான் என்னைப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வுடல. எனக்காவது கண்ணு நல்லா இருக்கட்டும்னு."

ஒருத்திக்கு நடந்ததைச் சொல்லத்தான் நான் போனேன். அங்கே இரண்டு பேர் நின்றார்கள்.

மகள் டீத்தூள் வாங்கக் கடைக்குப் போனாள். அந்த இடைவெளியில் சொன்னேன். கண் முகாம், அந்தப் பிள்ளை, டாக்டர் சொன்ன ஊமத்தை, அம்மி, அவள் புறங்கை, என்னுடைய முறை, மருதாணி, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"இலையா?" என்றாள்.

"இலைதான்."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாமலே செத்துட்டார்."

"பூசாரி எதுக்குக் கயிறு கட்டினாரு அப்போ?"

வயசானதால் படிக்க நான் போடுகிற மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். பையிலிருந்த ஆண்டு விழா நோட்டீசை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அறுபது வயசைத் தாண்டியவள், அரிவாள் பிடித்து ஏக்கர் கணக்கில் கரும்பு வெட்டியவள், ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்க்கப் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணும் ஆகாது. பாரு" என்றேன்.

மெதுவாகத் திறந்தாள். நோட்டீசைக் கிட்டே கொண்டுவந்தாள். "ஆ... ண்... டு. ஆண்டு. வி... ழா." ஒரு விரலால் எழுத்தைத் தொட்டாள், சுடுகிறதா என்று பார்ப்பது மாதிரி. பிறகு கீழே இருந்த நம் பள்ளிக்கூடத்தின் பெயரைத் திக்காமல் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணு நல்லாத்தான் இருந்துது அப்போ."

"நல்லாத்தான் இருந்துது."

தெருமுனையில் மகள் டீத்தூள் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தாள். யாரோ கேட்டதற்குச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இவ?" என்றாள்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி வலித்தது. "நானேதான் வாணாம்னேன். வூட்டாண்ட வந்து டீச்சர் கூப்ட்டாங்க. நானேதான் தொரத்திவுட்டேன். அழுதுக்கினே நின்னுச்சு அது. இத அவளாண்ட சொல்லிடாத. வம்சத்துக் கண்ணுன்னே இருந்துட்டுப் போவட்டும்."

மகள் வந்தாள், டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது அவள் பஸ் வரைக்கும் வந்தாள். மலருக்கு இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. நெஜந்தான? படிக்கறவங்க படிக்கட்டும். அவளாண்ட மட்டும் வாணாம்" என்றாள். பஸ் வந்தது. கண்ணைச் சுருக்காமல் போர்டைப் பார்த்து, "கள்ளக்குறிச்சிதான், ஏறு" என்று சொன்னாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பயம் வந்துவிட்டது. மலரை எல்லாப் பழைய மாணவர்களுக்கும் கொடுப்பார்கள். அவள் வீட்டுக்கும் ஒன்று போகும். மகள் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று பதறினேன். அப்புறம்தான் உறைத்தது, பட்டாலும் அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதியிருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே கூசுகிறது.

ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. யாரையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுவாள். அம்மாவோடு படித்தவர்கள் என்று தெரிந்தால் ஒரு நாள் இந்தப் பக்கத்தைத் திறந்து உங்களில் யாரிடமாவது நீட்டுவாள், இதில் இன்னா போட்டிருக்குது என்று கேட்பாள். அப்போது ஒரு உபகாரம் செய்யுங்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை, எழுத்து தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். நாம் சொன்னால் நம்புவார்கள்.